தண்ணி மெயில்

என் ஓரகத்தி அபர்ணாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் நீங்கள் வேறு யாரிடமாவது போகலாம். குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சொல்லுவார்கள். கெட்டிக்காரி, அடக்கமானவள், சென்னையில் வளர்ந்தும் தலைக்கனம் இல்லாதவள். என் மாமனார் பரமேஸ்வரன் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கையில் இருக்கிற காபி ஆறிவிடும். எனக்கு அவளைக் கண்டால் பொறாமை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? மூத்த மருமகளாக வந்து இந்த வீட்டுக்கு மாடாக உழைத்தவளுக்கு, நேற்று வந்தவள் மேல் பொறாமை வராவிட்டால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எங்களுக்கு 'சாரலகம்' என்று ஒரு லாட்ஜ் இருக்கிறது. கட்டியது மாமனார், ஓட வைத்தது நான். என் வீட்டுக்காரர் முத்துக்குமாரசாமிக்கு சர்க்கார் உத்தியோகம். லாட்ஜ் பக்கம் அவர் வருவதே தீபாவளிக்கு வேலைக்காரர்களுக்குத் துணி கொடுக்கத்தான். கொழுந்தன் விஜயசங்கர் அச்சன்புதூரில் தென்னந்தோப்பையும் வயலையும் பார்த்துக்கொள்கிறான். லாட்ஜில் ரூம் பதிவது, சமையல்காரி குருவம்மாளை மேய்ப்பது, பைப்பு உடைந்தால் ஆளைப் பிடிப்பது எல்லாம் சண்முகசுந்தரியாகிய நான்தான்.

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துவது என்றால் சாரல் மாதங்களில் நிரப்புவதுதான். ஆனி, ஆடியில் நிரம்பினால் வருஷம் ஓடும். ஒன்றிரண்டாக வருகிற குடும்பங்கள் போனில் கேட்டுக்கொண்டு வந்துவிடும். லாட்ஜை மொத்தமாக எடுக்கிறவர்கள் வேறு ரகம். புனலூர் ஓய்வு ஊழியர் சங்கம், கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில்லின் மனமகிழ் மன்றம், கூட்டுறவு வங்கிக்காரர்கள். இவர்களுக்குப் போன், வாட்ஸ்அப் எல்லாம் ஆகாது. மெயில் போக வேண்டும், அதை அச்செடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும், கமிட்டியில் வாசிக்க வேண்டும்.

அவர்களுக்காக நான் ஏற்படுத்திய பழக்கம்தான் தண்ணி மெயில். சாரல் தொடங்கியதும் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போய் ஐந்தில் எத்தனை விழுகிறது என்று பார்ப்பேன். பிறகு ஆபீசில் உட்கார்ந்து எல்லாருக்கும் இங்கிலீஷ் எழுத்தில் ஒரே வரி அனுப்புவேன். 'இன்று மூன்று விழுகிறது', 'இன்று ஐந்தும் விழுகிறது, போலீஸ் குளிக்க விடவில்லை', 'வெயில், வர வேண்டாம்.' தண்ணீர் இல்லாத நாளில் வர வேண்டாம் என்று எழுதுகிற லாட்ஜ் குற்றாலத்தில் எங்களுடையது மட்டும்தான். அதனால்தான் என் வரியை நம்பி பஸ் பிடித்தார்கள். மெயில் வந்தால் தண்ணீர் உண்டு, வராவிட்டால் இல்லை என்று அவர்களுக்கு ஒரு கணக்கு.

என்னுடைய மெயில் விலாசம் அழகு என்று சொல்ல மாட்டேன். தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்தக் காலத்தில் போட்டது. இங்கிலீஷ் எழுத்து, நடுவில் கீழ்க்கோடு, பின்னால் லாட்ஜ் கட்டின வருஷம், அதற்குப் பின்னால் ஒரு கம்பெனி பேர். போனில் சொல்லி முடிப்பதற்குள் வாய் வலிக்கும். இருந்தாலும் அது போகாத இடம் கிடையாது.

போன சித்திரையில் மாமனார் ஒரு பேச்சை எடுத்தார். தனக்கு வயதாகிறது, லாட்ஜை ஒரு பிள்ளைக்கும் தோப்பு வயலை ஒரு பிள்ளைக்கும் எழுதிவிடப் போவதாகச் சொன்னார். "இந்தச் சாரல் முடியட்டும், ஆடி கழியட்டும். ஆவணி பொறந்ததும் யாருக்கு எதுன்னு சொல்லுதேன்" என்றார். இதில் சொல்ல என்ன இருக்கிறது, லாட்ஜ் எனக்குத்தான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த ஆபீஸ் நாற்காலியில் என் முதுகு படிந்த பள்ளம்கூட இருக்கிறது.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவள் அபர்ணா. அவளுக்கு சென்னை கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தபடியே செய்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பைக் கொண்டுவந்து மாமனார் முன்னால் வைத்தாள். லாட்ஜுக்குத் தமிழிலேயே ஒரு மெயில் விலாசம் வாங்கியிருந்தாள். 'வாருங்கள்', அதற்குப் பின்னால் எல்லா மெயில் விலாசத்திலும் வருகிற அந்தச் சுழி, பிறகு 'சாரலகம்', ஒரு புள்ளி, 'இந்தியா'. முழுக்கத் தமிழ். ஒரு இங்கிலீஷ் எழுத்துக் கிடையாது.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. இலையில் ரசம் ஓடுவது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே பெயின்டரைப் பிடித்து லாட்ஜ் போர்டில் பெரிதாக எழுதச் செய்தார். எங்கிருந்தோ கேள்விப்பட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து போர்டின் முன்னால் அபர்ணாவை நிற்க வைத்துப் படம் எடுத்தார். படம் வந்த பக்கத்தை மாமனார் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அதில் ஓரமாகத் தெரிகிற முழங்கை என்னுடையது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவள் ஆபீசுக்கு வந்து, இனிமேல் தண்ணி மெயிலைப் புது விலாசத்திலிருந்து தானே அனுப்புவதாகச் சொன்னாள். பழைய பெட்டிக்கு யாராவது எழுதினால் 'எங்கள் புது விலாசம் இது, இதற்கு எழுதுங்கள்' என்று தானாகப் பதில் போகும்படி செய்துவிட்டாளாம். "நீங்க இத்தனை வருஷம் பாத்தாச்சு. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கக்கா" என்று குழைந்தாள். ரெஸ்ட்! எனக்கு உள்ளங்காலிலிருந்து ஏறியது.

அன்றைக்கே புனலூர் சங்கத்துச் செயலாளர் தங்கச்சன் சாரைப் போனில் கூப்பிட்டேன். புது விலாசத்தை அவர் போனுக்கு அனுப்பி, சங்க ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு ஒரு மெயில் போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். "மேடம், இது விலாசமே அல்லான்னு கம்ப்யூட்டர் பறயுது. அனுப்ப மாட்டேங்கு" என்று மலையாளம் கலந்து சொன்னார். நல்லெண்ணத்தில் பரிசோதித்தேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். ஓட்டை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தேடினேன், இருந்தது. சங்கத்துக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிற மெயில் சாஃப்ட்வேர் எல்லாம் பழசு. அதற்கு இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் புள்ளியும் கீழ்க்கோடும்தான் விலாசம். வேறு எழுத்தைக் கண்டால், தெரியாத ஆளைப் பார்த்த காவல்காரன் மாதிரி வாசலிலேயே நிறுத்திவிடும். உள்ளே இருந்து போவதையும் விடாது, வெளியே இருந்து வருவதையும் விடாது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் இருக்கும்போது இதைச் சொன்னேன். அபர்ணா மறுத்துப் பேசவில்லை, அந்தக் குணம்தான் எனக்கு ஆகாது. போனை எடுத்து, புது விலாசத்திலிருந்து வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரு மெயில் அனுப்பினாள். டிங், டிங் என்று ஒவ்வொரு போனாக அடித்தது. என்னுடையதும் அடித்தது. எங்கள் போன்களில் இருப்பதெல்லாம் பெரிய கம்பெனி மெயில். அவர்கள் தமிழ் விலாசத்துக்கு எப்போதோ பழகிவிட்டார்கள். பழைய மிஷின்களில்தான் சங்கடம் என்று நான் விளக்குவதற்குள் மாமனார் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்னட்டி சுந்தரி, சின்னவளுக்கு ஒரு நல்ல பேரு வந்தா ஒனக்குப் பொறுக்காதோ?" என்றார்.

என் வீட்டுக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னது உண்மை, அதைப் பொறாமையில் சொன்னேன் என்பதும் உண்மை. பொறாமையில் சொன்னால் உண்மை பொய்யாகிவிடுமா? அந்த வீட்டில் ஆகிவிட்டது. சரி, ரெஸ்ட் எடு என்றார்கள் அல்லவா, எடுக்கிறேன் என்று நான் பழைய பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

அந்த வருஷம் சாரல் நேரத்துக்கு வந்தது. ஐந்தருவியில் ஐந்தும் விழுந்தன. பழக்கதோஷத்தில் நான் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அபர்ணாவும் வருவாள், போட்டோ எடுப்பாள், கவிதை மாதிரி நாலு வரி எழுதி எல்லாருக்கும் அனுப்புவாள். அக்கம்பக்கத்து லாட்ஜ்களில் ஈரத் துண்டு காயப் போட இடமில்லை. எங்கள் லாட்ஜில் கொடி வெறுமனே ஆடியது. போனில் கேட்டு வந்த குடும்பங்கள் ஒன்றிரண்டு உண்டு, சங்கம் ஒன்றுகூட வரவில்லை. குருவம்மாள் அரிசியை உழக்கில் அளந்து போட்டுவிட்டு, "மகமாயி, பெரிய அண்டாவத் தொடவே வேல இல்ல" என்று என்னைப் பார்ப்பாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலியான ரூம் ஒவ்வொன்றும் எனக்காகச் சாட்சி சொல்லுகிற மாதிரி இருந்தது. ராணி மாதிரி வலம் வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சந்தோஷம் ஆனி பாதியோடு முடிந்தது. ஒரு நாள் மாமனாரைப் பார்க்க ஹோட்டல்காரர் ஒருவர் வந்தார். ரொம்ப நேரம் தணிந்த குரலில் பேசிவிட்டுப் போனார். அவர் போனதும் மாமனார் எல்லாரையும் கூப்பிட்டு, கொட்டுகிற சாரலிலேயே லாட்ஜ் இப்படிக் கிடந்தால் இதைக் கட்டி மேய்ப்பதில் அர்த்தமில்லை, கேட்கிறவருக்கு விற்றுவிட்டு ரெண்டு பிள்ளைக்கும் சமமாகக் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அவள் தோற்க வேண்டும் என்று நினைத்தேனே தவிர, அவள் தோற்றால் என் நாற்காலியும் சேர்ந்து போகும் என்று நினைக்கவில்லை.

மழையோடு மழையாக லாட்ஜுக்குப் போனேன். ஆபீசில் அபர்ணா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரில் குப்பைப் பெட்டி திறந்து கிடந்தது. அவள் அனுப்பிய தண்ணி மெயில்களில் சங்கங்களுக்குப் போனவை எல்லாம் 'இந்த விலாசத்திலிருந்து வருவதை வாங்க முடியாது' என்று திரும்பி வந்து அங்கே குவிந்திருந்தன. அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லையாம், இன்றைக்குத்தான் பார்த்தாளாம். அழுது மூக்கு சிவந்திருந்தது. அழும்போதும் அவள் லட்சணமாக இருந்தாள், அதுவும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க அன்னைக்குச் சொன்னது அப்படியே நடந்திருக்குக்கா. எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல" என்றாள்.

"எந்திரி" என்றேன். எழுந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து பழைய பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே கடிதமாகக் குவிந்திருந்தது. தண்ணீர் விழுகிறதா என்று கேட்டு எல்லாச் சங்கமும் எழுதியிருந்தது. எல்லாருக்கும் அபர்ணா வைத்த பதில் தானாகப் போயிருந்தது. அந்தப் பழைய மிஷின்களில் தமிழ் எழுத்து வராமல், புது விலாசம் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றதாம். கேள்விக்குறிக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? மில்லுக்காரர்கள் மூணாறுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சன் சார் கடைசியாக எழுதியிருந்ததில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேடத்துக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே, எல்லாரும் இங்கே பிரார்த்திக்கிறோம் என்று இருந்தது. அதைப் படித்தபோது அபர்ணா பக்கத்தில் நிற்கிறாளே என்று கண்ணைத் துடைக்காமல் விட்டேன்.

முதலில் அந்தத் தானியங்கிப் பதிலை நிறுத்தினேன். பிறகு பழைய விலாசத்திலிருந்து, வாய் வலிக்கிற அந்த அவலட்சண விலாசத்திலிருந்து, எல்லாருக்கும் ஒரே வரி போட்டேன். 'ஐந்தும் விழுகிறது. வாருங்கள்.'

தமிழ் விலாசத்தை என்ன செய்வது என்று அபர்ணாவைக் கேட்டேன். அதற்கு ஜோடியாக இங்கிலீஷ் எழுத்தில் ஒரு விலாசம் இலவசமாகவே உண்டாம், இரண்டுக்கும் வருவது ஒரே பெட்டியில் விழுமாம். விலாசத்தை விற்ற கம்பெனி அப்போதே சொன்னதாம். மாமா முழுத் தமிழ் என்று அவ்வளவு ஆசைப்பட்டதால் அதைப் போடவில்லை என்றாள். பழசுக்கும் புரிகிற மாதிரி ஒரு வாசல் வைக்காமல் புது வீடு கட்டினால் யார் வருவார்கள் என்று ரெண்டு ஏச்சு ஏசி, அதைப் போட வைத்தேன். போர்டிலும் தமிழுக்குக் கீழே சின்னதாக அது ஏறியது. இங்கிலீஷ் வேண்டாமென்று முறுக்கிய மாமனார், அபர்ணா கேட்டதும் சரி என்றார். நான் கேட்டிருந்தால் பெயின்டரை விரட்டியிருப்பார்.

சாயங்காலத்துக்குள் பதில்கள் வர ஆரம்பித்தன. ஆடி முழுக்க லாட்ஜ் நிறைந்து வழிந்தது. பெரிய அண்டா அடுப்பை விட்டு இறங்கவில்லை. தங்கச்சன் சார் என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அருவிக்கு ஓடினார். விற்கிற பேச்சு அப்படியே அடங்கியது. மாமனார் குற்றாலநாதர் கோயிலில் எதிர்ப்பட்ட எல்லாரிடமும், "தமிழ்ல விலாசம் வச்ச ராசி, ரூமு இல்லன்னு ஆளத் திருப்பி அனுப்புதோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் விழாத மாதிரி பிரகாரம் சுற்றினேன். ஆவணி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி பிறந்தது. பாயசத்தோடு சாப்பாடு முடிந்ததும் மாமனார் தொண்டையைச் செருமினார். காலத்துக்கு ஏற்ற மூளை உள்ளவர்கள் கையில் லாட்ஜ் இருப்பதுதான் நல்லது, அதனால் லாட்ஜ் விஜயசங்கருக்கு, தோப்பும் வயலும் பெரியவனுக்கு என்று சொல்லி முடித்தார். என் வீட்டுக்காரர் தேங்காய் விலையை யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

அப்போது அபர்ணா எழுந்து நின்றாள். எதையும் விடாமல் சொன்னாள். மெயில் எல்லாம் திரும்பி வந்தது, அவள் பார்க்காமல் விட்டது, சங்கங்கள் கை நழுவிப் போனது, நான் பழைய விலாசத்திலிருந்து எழுதி அத்தனை பேரையும் வரவழைத்தது, எல்லாம். தனக்கென்று ஒரு சால்ஜாப்பும் சொல்லிக்கொள்ளவில்லை.

"லாட்ஜ் அக்காவுக்குத்தான் சேரணும், மாமா. தோப்ப நாங்க எடுத்துக்குறோம்" என்றாள். விஜயசங்கரும் தலையை ஆட்டினான். இருவரும் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள்.

மாமனார் லாட்ஜ் சாவிக் கொத்தை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து போய் அபர்ணாவின் தலையில் கையை வைத்தார். "கையில வந்தத விட்டுக்குடுக்க எந்த மனுசிக்கு மனசு வரும்?" என்றார். என் வீட்டுக்காரர்கூட, "பெரிய மனசுதான்" என்றார். இத்தனை மாதத்தில் அவர் அந்த விஷயமாகத் திறந்த வாய் அது ஒன்றுதான். சாவி என் கையில் இருந்தது. எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது. அன்றைக்குச் சொன்னாயே, நாங்கள் நம்பவில்லையே என்று ஒருத்தராவது என் பக்கம் திரும்புவார்கள் என்று நின்றேன். எச்சில் இலையை எடுக்கச் சொல்லித்தான் திரும்பினார்கள்.

அடுக்களையில் அவள் தனியாக அகப்பட்டாள்.

"எனக்காகப் பேசச் சொல்லி யாருட்டி ஒன்னயக் கேட்டா?" என்றேன்.

பாயசப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே அவள் சொன்னாள். "நீங்க கேட்க மாட்டீங்கக்கா. நீங்களே சொல்லியிருந்தா அவங்க நம்பியிருக்கவும் மாட்டாங்க."

அதில் கேலி இல்லை, குத்தல் இல்லை. தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஒரு துளி விஷம் இருந்திருந்தால் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

லாட்ஜ் இப்போது என் பேரில் இருக்கிறது. பத்திரம் முடிந்துவிட்டது. ஆபீஸ் நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன். நான் உழைத்துக் காப்பாற்றிய லாட்ஜை எனக்குச் சின்னவள் கொடுத்தாள் என்று ஊர் பேசுகிறது. போய்ச் சண்டை போடலாம் என்றால், ஊர் சொல்லுவது பொய்யில்லை. அவள்தான் கொடுத்தாள்.